குவாலிக்குப் பின்னால் அடித்த காற்று

கெடா மாநிலத்து ஆறாங்கட்டைத் தோட்டத்தில் ஜனவரி பிறந்துவிட்டால் கீழைக்காற்று வந்துவிட்டதா என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. தொழிலாளர் குடியிருப்பான லயத்தின் கூரைத் தகரங்கள் தாமாகவே சொல்லிவிடும். துணி உலர்த்தும் பெண்கள் இரண்டு கவ்வி போடும் இடத்தில் நான்கு போடுவார்கள். கித்தா என்கிற ரப்பர் மரங்கள் இலையைக் கொட்டத் தொடங்கியிருக்கும். சருகுகள் கரங்கான் சாலையைக் குறுக்கே கடந்து சீனர் கடை வாசல்வரை ஓடும். 1979ஆம் ஆண்டு ஜனவரியிலும் அப்படித்தான் அடித்தது. ஆனால் தோட்டத்துக்கு மேலே இருந்த குன்றில், துணைக்கோள் நிலையத்தின் காற்றுப் பதிவுத் தாளில் மட்டும், அந்த மாதம் முழுக்க மென்காற்று என்றே இருந்தது.

அந்தத் தாளை நிரப்பிக்கொண்டிருந்தவள் பிரிஜெட். அதே தோட்டத்துப் பெண். அப்பா இஞ்ஞாசிமுத்து புகைக்கூடத்தில் கித்தாத் தகடுகளைத் தொங்கவிடுபவர். அம்மா ரோசம்மா கித்தா மரத்தில் பால் வெட்டுபவள். பிரிஜெட் கூலிம் டவுனுக்கு பஸ் ஏறிப் போய், பள்ளியிறுதியான ஐந்தாம் படிவம்வரை படித்தாள். பௌதிகம் நன்றாக வந்தது, ஆனால் பௌதிக ஆசிரியரோடு ஒத்துப்போகவில்லை. ஊசலை ஆட்டிப் புவியீர்ப்பைக் கணக்கிடும் சோதனையில் வகுப்பு முழுக்க 9.8 என்று எழுதியபோது இவள் மட்டும் 9.4 என்று எழுதினாள்.

"புத்தகத்தில என்ன போட்டிருக்கு?" என்று கேட்டார் ஆசிரியர்.

"புத்தகத்தில 9.8, சார். எனக்குக் கிடைச்சது 9.4."

அந்தத் தவணை மதிப்பெண் அட்டையில் 'பிடிவாதக்காரி' என்று எழுதி அனுப்பினார். "தப்பா அளந்தேன்னு எழுதியிருந்தா ஒத்துக்குவேன்மா. இது என்ன எழுத்து?" என்று அம்மாவிடம் பொருமினாள் பிரிஜெட். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவும் இல்லை.

குன்றின்மேல் நிலையம் வந்தது அவள் பள்ளியை முடித்த பிறகு. நூறு அடி அகலத்தில் வெள்ளை வெளேரென்று ஒரு வட்டக் கிண்ணம். தோட்டத்து ஜனங்களுக்கு அது சமையல்கட்டில் வறுக்கும் வாணலியான குவாலியை யாரோ கழுவிச் சாய்த்து வைத்ததுபோல் இருந்தது. குன்றுக்கே குவாலி மலை என்று பெயர் வைத்துவிட்டார்கள். வெளிநாட்டுத் தொலைபேசி அழைப்புகளெல்லாம் அதன் வழியாகத்தான் போய் வந்தன. இந்துமாக்கடலுக்கு மேலே நிற்கும் துணைக்கோளைப் பார்த்து, மேற்கு முகமாக அண்ணாந்து கிடந்தது குவாலி. அது ஒரு விரல் அளவு திரும்பினாலும் லண்டனில் பேசுகிறவன் குரல் பாதியில் அறுந்துபோகும்.

1978இல் தட்டச்சர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனாள் பிரிஜெட். குவாலியை நிறுவிய வெளிநாட்டுக் கம்பெனியின் பொறியாளர் ஒருவர் அங்கே இருந்தார். மேசைமேல் இருந்த ஒரு மீட்டரைக் காட்டி, முள் எதில் நிற்கிறது என்று கேட்டார். முன்னால் போன மூன்று பேரும் உட்கார்ந்த இடத்திலிருந்தே 3.6 என்று சொல்லியிருந்தார்கள். பிரிஜெட் எழுந்து மீட்டருக்கு நேர் எதிரே போய்க் குனிந்து பார்த்தாள். "சாய்வாப் பாத்தா 3.6 மாதிரி தெரியுது. நேராப் பாத்தா 3.4தான்," என்றாள். தட்டச்சு வேலை அன்றைக்கே பதிவாளர் வேலையாக மாறிவிட்டது.

காற்று அந்தக் கிண்ணத்தை என்ன செய்கிறது என்று அளப்பதுதான் வேலை. மணிக்கு ஐம்பது கிலோமீட்டர் காற்றுவரை குவாலி அசையாது, எண்பதுவரை தாங்கும் என்று கம்பெனி வாக்குக் கொடுத்திருந்தது. இரண்டு வருடம் அளந்து அதை நிரூபிக்க வேண்டும். குவாலிக்கு முன்னால், மேற்குப் பக்கம், அறுபது மீட்டர் தள்ளி ஒரு கம்பம் நின்றது. அதன் உச்சியில் நான்கு சின்னக் குமிழ்க் கிண்ணங்கள் சுழன்று காற்றின் வேகத்தைச் சொல்லும்; கட்டுப்பாட்டு அறையில் ஓடும் தாள் உருளையில் மைப்பேனா அதைக் கோடாக வரையும். குவாலியைத் திருப்பும் மோட்டார் எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்பதை ஒரு மீட்டர் காட்டும். துணைக்கோளிலிருந்து வரும் சிக்னலின் பலத்தை இன்னொரு மீட்டர் காட்டும். குவாலியின் முதுகெலும்புபோல் இருந்த இரும்புச் சட்டங்களில் ஒட்டியிருந்த மெல்லிய பட்டைகள் இரும்பு எவ்வளவு இழுபடுகிறது என்று சொல்லும். காற்று எழும்பினால் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை எல்லாவற்றையும் படித்துத் தாளில் ஏற்றுவாள் பிரிஜெட். தாளின் கடைசியில் குறிப்புக்கு ஒரு கட்டம் உண்டு.

முதல் ஜனவரியிலேயே அவளுக்குக் கணக்கு இடித்தது. பேனா 24 என்கிறது. ஆனால் மோட்டார் இரண்டு மடங்கு மின்சாரத்தை இழுக்கிறது, சிக்னல் முள் சரிகிறது, சட்டத்துப் பட்டைகள் துடிக்கின்றன. ஜன்னலுக்கு வெளியே தோட்டத்து மர உச்சிகள் தலைவிரித்து ஆடுகின்றன.

குவாலிக்கு எண்ணெய், கிரீஸ் போடும் அய்யாவுவிடம் போய்க் கேட்டாள். அவருக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். தோட்டத்து ஆலையில் எந்திரத்துக்குக் கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தவர். இங்கே வந்தும் அதே வேலை.

"அண்ணே, பின்பக்கம் காத்து எப்படி இருக்கு?"

"அங்கயா? தொப்பி நிக்காது தங்கச்சி. காலையிலதான் என் துண்டு பறந்து தீம்பாருக்குள்ள, கித்தா மரங்களுக்கு நடுவுல போயிருச்சு. வேணும்னா வந்து பாருலா."

கைப்பிடியோடு கூடிய சின்னக் காற்றுமானி ஒன்று அலமாரியில் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு இருவரும் குவாலியின் கிழக்குப் பக்கம் போனார்கள். அய்யாவு வேலிக்கம்பியைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். முள் 61இல் நின்றது. உள்ளே ஓடிப்போய்த் தாளைப் பார்த்தால் அதே நிமிடத்தில் 24.

விஷயம் புரிய அதிக நேரம் ஆகவில்லை. கீழைக்காற்று குவாலியின் முதுகில் அடிக்கிறது. முன்னால் இருக்கும் கம்பம் குவாலியின் மறைவில் நிற்கிறது. சுவருக்குப் பின்னால் நிற்பவனிடம் காற்று எப்படி என்று கேட்பதுபோல்தான் அது. அதோடு, முதுகில் சாய்வாக அடிக்கும் காற்று முகத்தில் நேராக அடிப்பதைவிடக் குவாலியை அதிகமாக முறுக்குகிறது என்பதையும் மோட்டார் மீட்டர் காட்டிக் கொடுத்தது. பிரிஜெட் ஒவ்வொரு தாளிலும் குறிப்புக் கட்டத்தில் எழுதினாள்: 'கீழைக்காற்று. கம்பம் மறைவில் உள்ளது. பின்பக்கம் 61.' அடுத்த நாள் 58. அதற்கடுத்த நாள் 66. வீட்டிலிருந்து எண்பது பக்கப் பள்ளிக்கூட நோட்டு ஒன்றைக் கொண்டுவந்து அதிலும் ஒரு நகல் எழுதி வைத்தாள்.

பொறியாளரிடம் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. சிரித்தார். இந்த நாட்டுப் பெருங்காற்று தென்மேற்கிலிருந்துதான் வரும், ஒரு வருடம் ஆராய்ந்துதான் கம்பத்தை நட்டிருக்கிறோம் என்றார். எங்கே ஆராய்ந்தார்கள் என்று கேட்டாள். கடலோரத்து விமான நிலையத்தில் என்றார். கடலோரத்துக் காற்றுக்கும் மலை இடுக்கில் வரும் காற்றுக்கும் உள்ள வித்தியாசம் கரங்கானில் கீரை விற்கிறவளுக்குக்கூடத் தெரியும். அது பிரிஜெட்டின் நாக்கு நுனிவரை வந்தது.

நிலைய மேற்பார்வையாளர் மோரிஸ் தமிழர்தான். டவுன் குடும்பம், ஆங்கிலப் பள்ளி. அவரிடம் போனாள்.

"உன் வேலை என்ன பிரிஜெட்? படிச்சு எழுதுறது. கம்பம் எங்க நிக்கணும்னு சொல்றது உன் வேலை இல்லலா," என்றார். "சும்மா அவங்களப் பகைச்சுக்காத."

"நான் யாரையும் பகைக்கல சார். காத்துதான் பகைச்சுக்கிட்டு நிக்குது."

மறு வருட ஜனவரியிலும் எழுதினாள். 1980 நடுவில் சோதனைக் காலம் முடிந்தது. காற்றினால் குவாலிக்குக் குறிப்பிடத்தக்க பாதிப்பு இல்லை என்று கம்பெனி அறிக்கை கொடுத்து, தன் ஆட்களைத் திரும்ப அழைத்துக்கொண்டது. பிரிஜெட்டைச் சாமான் அறைக்கு மாற்றினார்கள். அளந்த கைகள் ஆணிகளை எண்ணத் தொடங்கின.

1981 ஜனவரி, ஒரு திங்கட்கிழமை, மதியம் மூன்று மணி. அன்று அடித்த கீழைக்காற்றில் லயத்துக் கோயில் கொட்டகையின் கூரை பெயர்ந்து போயிருந்தது. நிலையத்தில் சிக்னல் விழுந்தது. மோட்டார் முனகியது. குவாலியை வானத்தைப் பார்த்து நிமிர்த்திப் பூட்டிவிடும்படி உத்தரவு போட்டார் மோரிஸ். பூட்டுவதற்கு ஒரு பெரிய இரும்பு முளையைத் துளையில் இறக்க வேண்டும். அதற்காக அய்யாவு படியேறிப் போனார். துளை அவர் முன்னால் வந்து வந்து விலகியது. மூன்று முறை முளையை வைத்துப் பார்த்தார். மூன்று முறையும் துளை நழுவியது. நான்காம் முறை குனிந்தபோது திருப்பும் பல்சக்கரத்தின் பற்கள் படபடவென்று உடைந்தன. பிடியில்லாத குவாலி காற்றோடு சுழன்றது. மேடைக் கம்பிக்கும் சுழன்ற சட்டத்துக்கும் நடுவில் அய்யாவுவின் இடது கால் மாட்டிக்கொண்டது.

சாமான் அறையிலிருந்து ஓடிவந்த பிரிஜெட் கீழே நின்று பார்த்தாள். அவரை இறக்க நாற்பது நிமிடம் ஆயிற்று. அவ்வளவு நேரமும் முளை அவர் கையிலேயே இருந்தது.

அந்த முளைதான் அவருக்கு எதிரியானது. மார்ச் மாதம் தலைமை அலுவலகத்திலிருந்து மூன்று பேர் விசாரணைக்கு வந்தார்கள். கம்பெனிப் பொறியாளரும் திரும்ப வந்திருந்தார். பேச்சு ஆங்கிலத்தில் நடந்தது. அய்யாவுவுக்குத் தமிழும் கடைத்தெருவில் பேசும் பாசார் மலாயும்தான் தெரியும் என்பதால் மொழிபெயர்க்க யாராவது வேண்டும் என்றார்கள். அவர் மனைவி பிச்சையம்மாள் பிரிஜெட்டைத்தான் கேட்டாள். ஆக, முழங்காலுக்குக் கீழே கால் இல்லாமல், இரண்டு கட்டைகளை ஊன்றி வந்த அந்த மனிதருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்மேல் சுமத்தும் ஒவ்வொரு குற்றத்தையும் தன் வாயாலேயே தமிழில் சொல்ல வேண்டிய நிலை அவளுக்கு.

"அண்ணே, அன்னிக்குக் காத்து மணிக்கு 33தானாம். தாள்ல இருக்காம். 33ல குவாலி ஆடாதாம். அதனால முளைய நேரத்தோட போடாம நீங்க சுணங்கிட்டீங்கன்னு சொல்றாங்க."

அய்யாவு இரண்டு கட்டைகளையும் மேசையில் சாய்த்து வைத்தார். பிறகு, "துளையும் முளையும் நேரா வரலன்னு சொல்லுமா," என்றார்.

சொன்னாள். பொறியாளர் பதில் சொன்னார். அதையும் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது.

"மோட்டார் திணறினதுக்கும் காத்து காரணம் இல்லையாம். கிரீஸ் சரியா போடலயாம்."

"காத்து இல்லயாமா?" என்றார் அய்யாவு. குரல் எழும்பவே இல்லை. "அப்ப என் கால எது அடிச்சுச்சுன்னு கேளு."

பிரிஜெட் அதை ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் கேட்டாள். விசாரணைத் தலைவர் ஒரு கோப்பைத் திறந்து, கீழைக்காற்று என்ற பேச்சே தவறு, முந்தைய இரண்டு ஜனவரித் தாள்களையும் பாருங்கள் என்று மேசைமேல் நகர்த்தினார்.

பிரிஜெட் பார்த்தாள். எண்கள் அவளுடையவைதான். ஆனால் தாள் அவளுடையதல்ல. அவள் பேனாவால் எழுதிக் கொடுத்தவை இப்போது சுத்தமாகத் தட்டச்சு செய்யப்பட்டிருந்தன. குறிப்புக் கட்டம் எல்லாத் தாளிலும் காலியாக இருந்தது. அடியில் 'பதிவு செய்தவர்: பிரிஜெட், த/பெ இஞ்ஞாசிமுத்து' என்று அவள் பெயரும் அப்பா பெயரும் தட்டச்சில்.

காதுமடல் சுட்டது. தன் கையைப் பிடித்து யாரோ பொய்க் கையெழுத்துப் போட்டதுபோல் இருந்தது அவளுக்கு. எழுந்து நின்றாள்.

"இது நான் எழுதின தாள் இல்ல. ஒவ்வொரு தாள்லயும் குறிப்பு எழுதியிருந்தேன். யார் எடுத்தது?"

"நீங்கள் மொழிபெயர்ப்பாளர்," என்றார் தலைவர்.

"அதுக்கு முன்னாடி அளந்தவளும் நான்தான், துவான்."

நோட்டை எடுத்து மேசைமேல் வைத்தாள். பின்னட்டையில் பெருக்கல் வாய்ப்பாடு அச்சடித்த, மூலை மடிந்த நோட்டு. தலைவர் அதைத் தொடவில்லை. அது நிலையத்தின் ஆவணம் அல்ல என்றார். மோரிஸ் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிரிஜெட் அவர் பக்கம் திரும்பி, "சார், உங்ககிட்டத்தான் குடுத்தேன். நீங்க சொல்லுங்க," என்றாள். "இரண்டு வருஷத்துக்கு முந்தின தாள் எல்லாம் எனக்கு எப்படி ஞாபகம் இருக்கும்?" என்றார் மோரிஸ், ஆங்கிலத்தில், தலைவரைப் பார்த்து.

அவள் விடவில்லை. பின்பக்கம் இன்னொரு காற்றுமானியை நட்டு இரண்டையும் ஒரே நேரத்தில் படித்துப் பாருங்கள், அது போதும் என்றாள். சரி, வசதிப்படும்போது செய்கிறோம் என்றார்கள்.

வசதிப்பட்டது ஏப்ரல் மாதம். ஏப்ரலில் கெடாவில் மாலை மழைதான் பெய்யும். கீழைக்காற்று போய் ஆறு வாரம் ஆகியிருக்கும். ஒரு காலைப் பொழுதில் குவாலிக்கு முன்னும் பின்னும் அளந்தார்கள். முன்னால் 9. பின்னால் 9. 'வித்தியாசம் இல்லை' என்று எழுதினார்கள். கவனக்குறைவு என்று தீர்ப்புச் சொல்லி அய்யாவுவை வேலையிலிருந்து நீக்கினார்கள்.

பிரிஜெட் அன்று சாமான் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கணக்குப் புத்தகத்தைத் தரையில் அடித்தாள். அழுகை வரவில்லை. காற்று இல்லாத நாளில் காற்றை அளந்துவிட்டு அளந்தோம் என்று கையெழுத்துப் போட ஒரு மனிதனுக்கு எப்படி மனம் வரும் என்பதுதான் அவளுக்கு ஆறவேயில்லை. ஆங்கிலத்தில் ஒன்று, மலாயில் ஒன்று என்று தலைமை அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினாள். கிடைத்தது என்று ஒரு வரி பதில் வந்தது. மறுபடி எழுதினாள். மறுபடி அதே ஒரு வரி.

தோட்டத்திலும் கதை வேறு மாதிரி பரவியது. கரங்கான் சாப்பாட்டுக் கடையில் அய்யாவு கட்டையூன்றி வந்தால், "முளை போடாத அய்யாவு வராருலா," என்று யாராவது சொல்வார்கள். கேலியாகச் சொல்வதுகூட இல்லை, அடையாளத்துக்குச் சொல்வது. அதுதான் பிச்சையம்மாளை உள்ளுக்குள் வாட்டியது. "கால் போனத நான் தாங்கிட்டேன் பிரிஜெட்டு. இந்தப் பேரத்தான் தாங்க முடியல," என்றாள் ஒரு நாள், பால் வாளியோடு நின்றபடியே.

ஆகஸ்டில் புதுப் பல்சக்கரம் போட்டுக் குவாலியைச் சரிசெய்தார்கள். கம்பம் பழைய இடத்திலேயே நின்றது. அய்யாவு இடத்துக்குப் பழனியாண்டி என்ற இளைஞன் வந்தான். கல்யாணமாகி நான்கு மாதம் ஆகியிருந்தது.

டிசம்பர் கடைசி வாரத்தில் கீழைக்காற்று வந்தது. காலை பத்து மணி. சாமான் அறையில் திருகுகளைப் பிரித்துக்கொண்டிருந்த பிரிஜெட்டுக்குக் கூரை முனகுவது கேட்டது. சுவரில் இருந்த ஒலிபெருக்கியில் மோரிஸின் குரல் வந்தது: "பழனியாண்டி, முளையோட மேலே போ. சீக்கிரம்."

பிரிஜெட் ஓடினாள். குவாலியின் படிக்கட்டு அடியில் பழனியாண்டி முளையைத் தோளில் வைத்துக்கொண்டு முதல் படியில் கால் வைத்திருந்தான். அவனுக்கு முன்னால் போய்க் குறுக்கே நின்று இரண்டு கைப்பிடிகளையும் பற்றிக்கொண்டாள்.

"போகாத தம்பி."

"சார் சொல்றாருக்கா."

"சொல்லட்டும். என்னத் தள்ளிட்டு வேணா போ."

மோரிஸ் கட்டுப்பாட்டு அறையிலிருந்து வெளியே வந்தார். அவர் முகம் வெளுத்திருந்தது. "பிரிஜெட், நகரு. காத்து 30தான். பூட்டலேன்னா மறுபடி உடையும்லா."

"30ன்னா பூட்டவே வேணாமே சார். ஏன் பயப்படுறீங்க?"

மோரிஸ் அண்ணாந்து குவாலியைப் பார்த்தார்.

"அவன அனுப்புறதுக்கு முன்னாடி நீங்க பின்னால வந்து ஒரு நிமிஷம் நில்லுங்க. நின்னுட்டு அப்புறம் அனுப்புங்க. நான் நகந்துக்கிறேன்."

என்ன நினைத்தாரோ, மோரிஸ் போனார். பழனியாண்டி அலமாரியிலிருந்து கைக்காற்றுமானியை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தான். குவாலியின் நிழலைத் தாண்டிக் கிழக்குப் பக்கம் திரும்பியதும் அவர் கழுத்துப்பட்டை தோளுக்குப் பின்னால் பறந்தது. இரண்டடி வைத்தார். மூன்றாவது அடியில் வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டார். பிரிஜெட் அங்கே சுவரில் இருந்த தொலைபேசியை எடுத்துக் கட்டுப்பாட்டு அறையில் இருந்தவனிடம் பேனா எதைக் காட்டுகிறது என்று கேட்டாள்.

"அங்க 30, சார். உங்க கையில?"

மோரிஸ் மானியைப் பார்த்தார். துடைத்துவிட்டுப் பார்த்தார்.

"எவ்வளவு சார்?"

"எழுபத்து நாலு."

"நேராக் குனிஞ்சு பாத்துச் சொல்லுங்க."

"எழுபத்து நாலுதான்," என்றார். அந்தக் காற்றில் அவர் குரல் பாதிதான் கேட்டது.

யாரும் மேலே போக வேண்டாம், பிரேக்கை மட்டும் போட்டுவிட்டு எல்லாரும் கட்டடத்துக்குள் வாருங்கள் என்று உத்தரவிட்டார். இரண்டு மணி நேரம் வெளிநாட்டு அழைப்புகள் நின்றன. அவ்வளவு நேரமும் பிரிஜெட் அவரை உட்கார விடவில்லை. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை பின்னால் போய் அளந்து வரச் சொன்னாள். தாளையும் பேனாவையும் அவர் கையில் கொடுத்து, "நீங்களே எழுதுங்க சார். உங்க எழுத்துல இருக்கட்டும். தட்டச்சு வேணாம்," என்றாள். பன்னிரண்டு வரிகள். முன்னால் 28, பின்னால் 71. முன்னால் 31, பின்னால் 77. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அவர் பெயரின் முதலெழுத்து. நண்பகலில் காற்று தணிந்தது. அதிர்ஷ்டம்தான், எதுவும் உடையவில்லை.

அந்தத் தாளைத் தலைமை அலுவலகத்தால் பள்ளிக்கூட நோட்டு என்று தள்ள முடியவில்லை. மார்ச்சில் கிழக்குப் பக்கம் இரண்டாவது கம்பம் நட்டார்கள். கீழைக்காற்று நாற்பதைத் தொட்டாலே குவாலியைப் பூட்டிவிட வேண்டும் என்று விதியை மாற்றினார்கள். 'பிந்தைய தொழில்நுட்ப ஆய்வில் தெரியவந்தபடி' என்று சுற்றறிக்கை சொன்னது. யார் ஆய்ந்தார்கள் என்று சொல்லவில்லை. பிரிஜெட் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவளுக்கு வேண்டியது வேறு.

ஜூன் மாதம் அய்யாவுவுக்கு ஒரு கடிதம் வந்தது. குற்றச்சாட்டு போதிய ஆதாரத்துடன் நிரூபிக்கப்படாததால் கைவிடப்படுகிறது என்று இருந்தது. பிச்சையம்மாள் சந்தோஷப்பட்டாள். பிரிஜெட் படித்துவிட்டுக் கடிதத்தை மடித்தாள்.

"இது வேணாம்கா. திருப்பி அனுப்புவோம்."

"ஏன் பிள்ள? விட்டுட்டாங்கன்னுதானே போட்டிருக்கு?"

"ஆதாரம் இல்லன்னு போட்டிருக்கு. அண்ணன் தப்பு செய்யலன்னு போடல. திருடனப் புடிச்சோம், சாட்சி கிடைக்கலன்னு சொல்ற மாதிரி இருக்கு."

அய்யாவு கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். "விடு தங்கச்சி. உனக்கு எதுக்கு இந்தத் தொல்லை?" என்றார். பிறகு அவரே, "திருப்பி அனுப்பிரு," என்றார்.

எட்டு மாதத்தில் ஏழு கடிதம் எழுதினாள். தொழிற்சங்கத்துக்கு ஒன்று, அமைச்சுக்கு ஒன்று, மற்றதெல்லாம் தலைமை அலுவலகத்துக்கு. ஒவ்வொன்றோடும் மோரிஸின் பன்னிரண்டு வரிகளின் நகலை இணைத்தாள். 1983 பிப்ரவரியில் புதுக் கடிதம் வந்தது. மூன்றே வரி. விபத்துக்குக் காரணம் காற்று; பணியாளர் அய்யாவுவிடம் எந்தத் தவறும் இல்லை; அன்றைய காற்றில் முளையை யாராலும் போட்டிருக்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, வெள்ளை உடுப்போடேயே கரங்கான் சாப்பாட்டுக் கடைக்குப் போனாள் பிரிஜெட். பெண்கள் தனியாக வந்து உட்காரும் கடை அல்ல அது. நடுவில் நின்று, முதலில் ஆங்கிலத்தில் படித்தாள். பிறகு தமிழில் சொன்னாள். பரோட்டா வீசிக்கொண்டிருந்தவன் கையை நிறுத்தினான்.

"இனிமே யாராச்சும் அந்தப் பேரச் சொன்னா, இந்தக் கடிதத்த அவங்க வீட்டு வாசல்ல வந்து படிப்பேன்," என்றாள்.

வாசலோரத்தில் அய்யாவு உட்கார்ந்திருந்தார். அவர் யாரையும் பார்க்கவில்லை. தேநீரை மெல்ல ஆற்றிக் குடித்தார். திரும்பும் வழியில், "நல்லாத்தான் படிச்ச. கொஞ்சம் சத்தம் குறைச்சிருக்கலாம்," என்றார். பிரிஜெட்டுக்கு அன்றைக்குத்தான் இரண்டு வருடத்தில் முதல்முறையாகச் சிரிப்பு வந்தது. அவர் நிலையத்துக்குத் திரும்பவில்லை; கூப்பிட்டும் போகவில்லை. புக்கிட் செலம்பாவில் மகள் வீட்டோடு போய், உட்கார்ந்த இடத்தில் மோட்டார் சைக்கிள்களைப் பழுது பார்த்துப் பிழைத்தார்.

பிரிஜெட்டை மறுபடி அளக்கும் வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். தேர்வு எழுதி 1985இல் தொழில்நுட்பர் ஆனாள். மோரிஸ் அவளோடு மரியாதையாகத்தான் பழகினார். அவளும் மரியாதையாகத்தான் பதில் சொன்னாள். ஆனால் அவளுக்குள் ஒரு கேள்வி ஆறாமல் கிடந்தது. கம்பத்தைத் தப்பான இடத்தில் நட்டது அறியாமை. ஏப்ரலில் அளந்தது கோழைத்தனம். ஆனால் குறிப்புகளைக் கழற்றிவிட்டு, அவள் அப்பா பெயரையும் சேர்த்துத் தட்டச்சு செய்தானே ஒருவன், அவன் தெரிந்தே செய்தான். அவன் யார் என்று இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை.

நிலையத்தில் வருடத்துக்கு ஒரு முறை ஊழியர் கூட்டம் நடக்கும். கடைசியில் 'பிற விஷயங்கள்' என்று ஒரு பகுதி வரும். 1983இல் தொடங்கி ஒவ்வொரு வருடமும் அந்த இடத்தில் பிரிஜெட் எழுந்து நின்று, 1979, 1980 ஜனவரித் தாள்களை மறுபடி தட்டச்சு செய்யச் சொன்னது யார் என்று கேட்டாள். சிலர் நெளிவார்கள், சிலர் கடிகாரத்தைப் பார்ப்பார்கள், மோரிஸ் காகிதங்களை அடுக்குவார். மோரிஸ் ஓய்வு பெற்றுப் பினாங்குக்குப் போன பிறகு அடுத்த மேற்பார்வையாளரிடமும் கேட்டாள். அவள் கேட்டதை நடவடிக்கைக் குறிப்பில் எழுதும்படி வற்புறுத்துவாள்; எழுதியாயிற்றா என்று வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் உட்காருவாள். 1988 கூட்டத்துக் குறிப்பிலும் அந்த வரி இருக்கிறது. அதற்கு நேரே, முந்தைய ஐந்து வருடங்களைப் போலவே, 'பதில் பின்னர் அளிக்கப்படும்' என்று எழுதியிருக்கிறார்கள்.